பெட்டி போட்ட துணியை மறுபடி நனைத்தவன்

மத்தியானம். வெயில் நன்றாக ஏறிவிட்டது. துரை வீட்டு மூட்டையைக் காணவில்லை.

காலையிலிருந்து நின்று இஸ்திரிப் பெட்டி போட்ட மூட்டை அது. மேசை விரிப்பு, தலையணை உறை, துரையின் வெள்ளைச் சட்டைகள். கட்டி வாசலோரம் வைத்திருந்தேன். சாயங்காலம் என் வீட்டுக்காரர் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

ஆற்றுப் பக்கம் சத்தம் கேட்டது. கல்லில் துணி விழுகிற சத்தம். அந்த நேரத்தில் துறையில் யாரும் இருக்க மாட்டார்கள். ஆம்பிளைகள் சாப்பிட்டுப் படுத்திருப்பார்கள். இல்லை என்றால் மூட்டை கொடுக்க ஊருக்குள் போயிருப்பார்கள்.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். முருகேசன். என் கொழுந்தன். முழங்கால் தண்ணீரில் நின்று துவைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் என் மூட்டை அவிழ்ந்து கிடந்தது.

கத்த வாயைத் திறந்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் வாய் மூடிக்கொண்டது. அழுதுகொண்டிருந்தான். கை மட்டும் நிற்கவில்லை.

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எனக்கு அன்றைக்கும் ஒன்றும் புரியவில்லை. இன்றைக்கும் பாதிதான் புரிகிறது. புரிந்த மட்டும் எழுதுகிறேன். பிழை இருந்தால் பத்திரிகை ஆசிரியர் தம்பி திருத்திக்கொள்ளட்டும்.

வண்ணாந்துறை

கல்யாணம் கட்டிக் கப்பலேறிப் பினாங்கு வந்த கதையைப் போன வாரம் சொன்னேன். வந்து இறங்கிய இடம் இந்தத் துறைதான்.

ஆயர் ஈத்தாம் மலையிலிருந்து வருகிற ஆறு. எங்களைத் தாண்டி சுங்கை பினாங் பக்கம் போய்க் கடலில் சேரும். மலையில் மழை பெய்தால் தண்ணீர் டீ மாதிரி வரும். அன்றைக்கு வேலை கிடையாது. மற்ற நாளெல்லாம் விடிந்தால் கல்லுச் சத்தம்தான்.

ஆம்பிளைகள் ஆற்றில். பொம்பிளைகள் மேலே. கஞ்சி, நீலம், பெட்டி எங்கள் வேலை. கொடிக்கயிற்றை இரண்டு புரியாக முறுக்கிக் கட்டியிருப்போம். துணி முனையைப் புரிக்குள் செருகினால் எந்தக் காற்றுக்கும் பறக்காது.

புதிதாக வருகிற பையனுக்கு முதலில் காலுறை, கைத்துடைக்கிற துணி இதுதான் கொடுப்பார்கள். அப்புறம் சாரம், போர்வை. வெள்ளைக்காரன் வீட்டு வெள்ளைத் துணி கடைசியில்தான் வரும். அதற்குத் தனிக் கல் இருந்தது. வெள்ளைக் கல் என்போம். அந்தக் கல்லில் நிற்பவனுக்கு மரியாதை உண்டு. யாருக்கு அந்தக் கல் என்று சொல்வது காத்தமுத்து மாமா. துறைக்குப் பெரியவர் அவர்தான்.

முருகேசன் வந்த மறு வருசமே மாமா அவனை அந்தக் கல்லில் நிறுத்தினார். மீசை சரியாக முளைக்காத வயது.

"இவன் கைப்பட்டா கறை தானா ஓடுதுடா. பாத்துக் கத்துக்குங்க" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்.

என் வீட்டுக்காரர் எதற்கும் சிரிக்காத மனிதர். அன்றைக்கு இரண்டு தரம் மீசையைத் தடவினார்.

துணி சொன்னது

எனக்கு முதலில் தெரிந்தது துணியில்தான்.

பெட்டி போடும்போது துரை சட்டையின் கழுத்துப் பட்டி விரலுக்கு மெல்லிசாக இருந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிகிறது. புதுச் சட்டை. நான்கைந்து தடவைகூட வெளுப்புக்கு வந்திருக்காது.

துணி வெளுப்பது ஒன்று, தேய்வது ஒன்று. இது தேய்ந்திருந்தது.

அப்புறம் அவனைப் பார்க்க ஆரம்பித்தேன். மற்றவர்கள் பத்துத் துணி முடிக்கிற நேரத்தில் இவன் ஒன்றை வைத்துக்கொண்டு நிற்பான். அலசுவான், தூக்கிப் பார்ப்பான், மறுபடி கல்லுக்குப் போவான். விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது. துவைக்கிற உவர்மண் பட்டால் எரியுமே என்று கேட்டால் மறுபடி துணியை முக்குவான்.

இதில் ஒரு வேடிக்கை. ஊர் துணியை இப்படி வெளுக்கிறவன் தன் பனியனை மாற்றவே மாட்டான். அழுக்கில் கறுத்து நாறும். குளிக்கச் சொன்னால் "நாளைக்கு அண்ணி" என்பான். முன்னே எல்லாம் தலைக்கு எண்ணெய் வைத்து வகிடு எடுக்காமல் பாசார் கடைத்தெருப் பக்கம் போக மாட்டான். நான் கேலிகூடச் செய்வேன், "மாப்பிள எந்தப் பக்கம்?" என்று.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"உங்க தம்பி ஒரு மாதிரியா இருக்கான்."

"என்ன மாதிரி?"

"ஓயாம துவைக்கிறான்."

"வண்ணான் பின்ன என்ன செய்வான்? வேல செய்யறது ஒரு குத்தமா?"

அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வேலை செய்யாதவனைப் பற்றிக் குறை சொல்லலாம். வேலை செய்கிறவனைப் பற்றி என்னவென்று சொல்வது?

என்னோடு பெட்டி போடுகிற தங்கம்மா அக்காவிடம் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"ஒடம்பு பொண்ணு கேக்குதுடி. கட்டி வெச்சா சரியாப் போயிடும்லா."

எனக்கும் அப்படித்தான் இருக்குமோ என்று பட்டது. யார் அந்தப் பெண் என்று தேட ஆரம்பித்தேன். காய்கறிக்காரர் மகளா? பாலத்துக்கு அந்தப் பக்கம் பசு வைத்திருக்கிறவர்கள் வீட்டுப் பெண்ணா? அவன் கண் போகிற பக்கமெல்லாம் என் கண்ணும் போனது. அவன் எந்தப் பெண்ணையும் பார்க்கவில்லை. தண்ணீரைத்தான் பார்த்தான்.

அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

தீவில் நின்றது

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா இல்லையா, எனக்குத் தெரியாது.

அந்தக் காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்து வருகிற கப்பல் ஆட்களை நேராக ஊருக்குள் விட மாட்டார்கள். பக்கத்துத் தீவில் இறக்கி வைப்பார்கள். நோய் நொடி இல்லை என்று தெரிந்த பிறகுதான் படகு. உடுத்திய துணியை எல்லாம் வாங்கி ஆவியில் போட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள். நானும் அங்கே கிடந்திருக்கிறேன். என் ஒரே நல்ல சேலை சாயம் போய்த் திரும்பி வந்தது. அதற்கு நான் அழுதேன்.

முருகேசனோடு அவன் வயதில் ஒரு பையன் வந்தான். ஒரே ஊர். இரண்டு பேரும் ஒரே துண்டைத்தான் கட்டிக்கொள்வார்களாம். அந்தப் பையன் தீவை விட்டு வரவில்லை. காய்ச்சல்.

அதனால்தானா? அப்படித்தான் என்று சொல்லிவிட்டால் கதை சுளுவாக முடியும். அதே கப்பலில் அண்ணனைப் பறிகொடுத்து வந்தவன் ஒருவன் எங்கள் துறையிலேயே இருந்தான். பாட்டும் சீட்டும் கள்ளுமாக நன்றாகத்தான் திரிந்தான். ஒருவனை ஏன் பிடிக்கிறது, ஒருவனை ஏன் விடுகிறது? எனக்கு விளங்கவில்லை.

முருகேசனைப் பார்த்து நாங்கள் செய்தது என்ன? அவன் அதிகம் துவைத்தான். மாமா அதிகம் வெள்ளை கொடுத்தார். இன்னும் துவைத்தான். இன்னும் கொடுத்தார். துரை வீட்டு மேம் இந்தக் கைதான் வேண்டும் என்று சொல்லி அனுப்பினாளாம். எங்களுக்கெல்லாம் பெருமை. வேறு தொழிலில் இருந்திருந்தால் என்னமோ ஆகிவிட்டது என்று நாலு பேர் கண்டுபிடித்திருப்பார்கள். வண்ணாந்துறையில் யார் கண்டுபிடிப்பார்?

ஆற்றில்

மறுபடி அந்த மத்தியானத்துக்கு வருகிறேன்.

"முருகேசா, அது பெட்டி போட்ட துணி."

"தெரியும் அண்ணி."

"தெரிஞ்சா ஏன்டா நனைக்கிற?"

"கறை இருக்கு."

"எங்க? காட்டு."

சட்டையைத் தூக்கிக் காட்டினான். ஒன்றும் இல்லை. கொக்கு மாதிரி இருந்தது. ஒன்றுமில்லை என்று சொல்ல வந்தேன். இதையேதான் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். மாமா சொன்னார், அவன் அண்ணன் சொன்னார். அதையே நானும் ஏன் சொல்ல வேண்டும்?

"உனக்குத் தெரியுதா கறை?" என்று கேட்டேன்.

சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"தெரியல அண்ணி. வெள்ளையாத்தான் இருக்கு. கண்ணுக்குத் தெரியுது வெள்ளைன்னு. மனசு இல்லைங்குது. கை நிக்க மாட்டேங்குது."

என்னால் சும்மா நிற்க முடியவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டேன்.

மேலே இருந்து தங்கம்மா அக்கா கத்தினாள்.

"ஏய்! ஆம்பளைங்க கல்லுல உனக்கு என்னடி வேல? மாமா பாத்தா தோல உரிச்சுடுவாரு!"

"உரிக்கட்டும்க்கா!" என்றேன்.

பெரிய மேசை விரிப்பு ஒன்று நனைந்து கிடந்தது. அதை ஒருவர் பிழிய முடியாது. ஒரு முனையை நான் எடுத்தேன். பழக்கம், மறு முனையை அவன் எடுத்தான். நான் வலப்பக்கம் முறுக்க, அவன் இடப்பக்கம் முறுக்க, தண்ணீர் கொட்டியது. சொட்டு நின்றது.

"போதும்" என்றேன்.

"போதுமா?"

"போதும்."

விட்டான். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவனுக்கும்தான் போல. தன் கையையே பார்த்தான்.

அடுத்ததை எடுத்தோம். அப்படியே மூட்டை முழுவதும். நடுவில் அவன் பேச ஆரம்பித்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. துணி முறுக்குவதைப் பார்த்துக்கொண்டே பேசினான். படுத்தால் தூக்கம் இல்லை என்றான். தலைக்குள் யாரோ துவைக்கிற மாதிரி இருக்கிறது என்றான்.

"நான் இல்லாமப் போயிட்டா உங்களுக்கெல்லாம் சூசா இருக்காது அண்ணி."

சூசா என்றால் இந்த ஊரில் தொல்லை. மலாய் வார்த்தை. அவன் தமிழில் சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் வலித்திருக்கும்.

கேட்டுவிட்டேன். கேட்கக் கூடாது என்று யாராவது சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டேன். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

"சாகணும்னு இருக்கா?"

தலையை ஆட்டினான். ஆமாம் என்று.

ஆறு அது பாட்டுக்கு ஓடியது. எங்கேயோ ஒரு சேவல் நேரம் தெரியாமல் கூவியது. நான் துணி முனையை விடவில்லை.

"அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க."

நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

"மேல வா. கஞ்சி குடிக்கலாம்" என்றேன். வந்தான்.

சொன்னேன்

என் வீட்டுக்காரர் ஊருக்குள்ளிருந்து வந்ததும் சொன்னேன். துண்டைத் தோளிலிருந்து எடுப்பதற்குள் சொல்லிவிட்டேன். தள்ளிப் போட்டால் எனக்குத் தைரியம் போய்விடும்.

அவர் அப்படியே நின்றார்.

"கீலாவா?" என்றார். பைத்தியமா என்று கேட்கிறார். தமிழில் கேட்க அவருக்கும் வாய் வரவில்லை.

"பைத்தியம் இல்ல. என்னமோ புடிச்சு ஆட்டுது."

"சோறு இருக்கு. படுக்க எடம் இருக்கு. நான் இருக்கேன். என்ன கொற அவனுக்கு?"

"தெரியல."

"பின்ன நான் என்ன செய்யணும்?"

"அதுவும் தெரியல. தனியா மட்டும் விடாதீங்க."

அன்றைக்குத் துரை வீட்டுக்கு மூட்டை போகவில்லை. எங்கள் பேரில் அதுவரை அப்படி ஒரு நாள் நடந்ததில்லை.

மறுநாள் அவர் காத்தமுத்து மாமாவிடம் போனார். தம்பிக்கு வெள்ளைக் கல் வேண்டாம், என் கல்லிலேயே நிற்கட்டும், படுக்கை விரிப்பு மட்டும் கொடுங்கள் என்று கேட்டார். விரிப்பு என்றால் முறுக்க இரண்டு ஆள் வேண்டும். நான் ஆற்றில் நடந்ததைச் சொன்னபோது அது மட்டும் அவர் மண்டையில் ஏறியிருக்கிறது.

மாமாவுக்குக் கோபம்.

"நல்லா ஓடுற மாட்ட அவுத்து வுடச் சொல்றியே. தம்பி பேரு வாங்குறான்னு வயித்தெரிச்சலாடா?"

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்து நின்றார். மாமா விட்டுக்கொடுத்தார். தம்பிக்கு என்னவென்று கடைசி வரை துறையில் அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஈப்போ பக்கம் பைத்தியத்துக்கென்றே ஒரு பெரிய ஆசுபத்திரி இருந்தது. அங்கே போனவன் திரும்ப மாட்டான் என்று ஊரில் பேச்சு. மெய்யோ பொய்யோ. அந்தப் பயம் எங்கள் எல்லோருக்கும் இருந்தது. அதனால் வயிற்றெரிச்சல்காரன் என்ற பேரை அவர் வாங்கிக்கொண்டார். துறையில் ரொம்ப நாள் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

முருகேசன் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டான்.

சோறு போட்டால் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவான். "அண்ணி" என்ற வார்த்தையே வாயில் இல்லை. தங்கம்மா அக்காவிடம் "அந்தம்மாகிட்ட சொல்லுங்க" என்று சொல்வான். நான் பக்கத்தில்தான் நிற்பேன். சொன்னது சரியா தப்பா என்று எனக்கே குழப்பம். அவன் என்னை நம்பித்தானே சொன்னான். ஆனால் அவன் உயிரோடு இருந்துகொண்டு பேசாமல் இருந்தான். அது எனக்குப் போதும் என்று நினைத்துக்கொண்டேன். சில நாள் போதவில்லை.

எது கேட்டது?

எல்லாம் செய்தோம். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போய் மொட்டை போட்டோம். மந்திரிக்கிற மலாய்க்காரப் போமோ ஒருவர் எலுமிச்சம்பழம் வெட்டிய தண்ணீரில் தலைக்கு ஊற்றினார். ஆசுபத்திரியில் மருந்து கட்டுகிற டிரெஸர் ஒருவர் தூங்குவதற்கு மருந்துத் தண்ணீர் கொடுத்தார். ஆள் புழக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திட்டாதீர்கள் என்றார். வெடித்த கைக்குத் தேங்காயெண்ணெய் போட்டேன். அதற்கு மட்டும் பேசாமல் கையை நீட்டுவான்.

என் வீட்டுக்காரர் அவனை விட்டு அகலவே இல்லை. கடைக்குப் போனால் கூட. முடி வெட்டப் போனால் கூட. "என்னப்பா, தம்பிய முடிஞ்சு வெச்சிருக்கியா?" என்று கேலி பேசினார்கள். "ஆமா" என்பார்.

எது கேட்டது? எல்லாவற்றையும் கலந்து செய்தால் எதனால் குணம் என்று சொல்வது? கேட்கிறவர்களுக்கு நான் இன்றைக்கும் பட்டியல் போட மாட்டேன். தெரியாது என்பேன்.

ஒரு நாள் கொடியில் துணி செருகிக்கொண்டிருந்தேன். கீழே அண்ணனும் தம்பியும் ஒரு பெரிய விரிப்பை முறுக்கிக்கொண்டிருந்தார்கள். முருகேசன் குரல் கேட்டது.

"அண்ணே, கெட்டியாப் புடி. கெழவி மாரி இழுக்குறே."

துறையில் அண்ணனை அப்படி யாரும் சொன்னதில்லை. சொல்லிவிட்டுத் தப்பிக்கவும் முடியாது. நான் கொடியை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தேன்.

"யாருடா கெழவி?" என்று அவர் விரிப்பை ஒரு சுண்டு சுண்டினார். தம்பி தண்ணீரில் விழுந்தான். எழுந்தான். சிரித்தான். பல் தெரிந்தது.

என் வீட்டுக்காரர் முகத்தைக் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார்.

மறு வருசம்

அதோடு முடிந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். முடியவில்லை.

நல்லாத்தான் இருந்தான். பேச்சு வந்தது. என்னைக் கூப்பிடவும் ஆரம்பித்தான், முதலில் தங்கம்மா அக்கா வழியாக, அப்புறம் நேராக. வகிடு எடுத்தான். பெண் பார்க்கலாமா என்று அண்ணன் கேட்டதற்கு "இப்ப வேணாம்" என்று முறைத்தான். எனக்கு நிம்மதியாக இருந்தது.

அடுத்த மழைக்காலம். ஆறு கலங்கி வந்து எல்லோருக்கும் வேலை நின்ற நேரம். ஆம்பிளைகள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். நான் பெட்டி போட்டுக்கொண்டிருந்தேன். பழைய பாக்கித் துணி. ஈரக் கரி, புகை அதிகம்.

வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை. கையை அக்குளில் வைத்திருந்தான், குளிருகிறவன் மாதிரி.

"என்னடா?" என்றேன்.

"அண்ணி."

"சொல்லு."

"மறுபடியும் ஆரம்பிச்சிருச்சு."

போன தடவை நான் துணியைப் பார்த்து, கையைப் பார்த்து, பெண் தேடி, ஆற்றில் இறங்கித்தான் கண்டுபிடித்தேன். இந்தத் தடவை அவனே வந்து சொன்னான்.

என்ன செய்ய வேண்டும் என்று அன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. பெட்டியைத் தூக்கிக் கல்லின் மேல் வைத்தேன். துணி மூட்டையைத் தள்ளி இடம் பண்ணினேன்.

"உள்ள வா. நனையாத" என்றேன்.